மூடிக்குள் இருந்த கறி

அக்கா, தூங்கிவிட்டாயா? தூங்கியிருந்தால் தூங்கு. ஆனால் காலையில் கண் விழித்ததும் அம்மா போன் செய்தால் எடுக்காதே. முதலில் இதைப் படி.

போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். அம்மா இன்னும் படுக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறாள். அந்தச் சத்தம் நின்றால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறேன். மறுபடி ஆரம்பித்ததும் எடுக்கிறேன்.

உனக்கும் நான் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிற உன் மாப்பிள்ளைக்கும் கல்யாணம் வேண்டாம் என்று காலையில் சொல்லப்போகிறாள். காரணமும் சொல்வாள். அந்தக் காரணம் தப்பு. தப்பு என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மைதானத்தில் இன்று நடந்த சமையல் போட்டியைத்தான் சொல்கிறேன். மற்ற வருஷங்களில் நம் குடியிருப்பில் பாதிப் பேர் அசைவ வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள், இல்லையா? அதனால் இந்த முறை எல்லாரும் எல்லாப் பானையிலும் கை வைக்கலாம், எல்லாமே சைவம் என்று கமிட்டி முடிவு செய்தது. அறிவிப்பு ஒட்டின அன்றைக்கே கீழ்வீட்டுத் தையல்காரர் அம்மாவைப் பார்த்து, "நல்லி அக்கா, இந்த வருஷம் உங்களுக்கு லீவுதான்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மெஸ்ஸில் இத்தனை வருஷமாக எலும்பு வேகவைத்தே பேர் வாங்கினவள். வெறும் காயை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று எனக்கே தோன்றியது.

அந்த நேரம் பார்த்து நீ உன் வேலை ஊரிலிருந்து போன் செய்தாய். கண்ணாடியின் அம்மா வீட்டுக்கு வர யோசிக்கிறார்கள், வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், மைதானத்தில் எல்லாம் சைவம்தானே, அங்கே வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாய். நல்ல யோசனைதான். ஆனால் நீ போனை வைத்த பிறகு அம்மா சொன்னதை நீ கேட்கவில்லை.

"என் வீட்டுல கை நனைக்க யோசிக்கிறவங்களுக்கு என் பொண்ணைக் குடுக்கணுமா? வரட்டும். வந்து என் கையால ஒரு வாய் சாப்பிடட்டும். அப்புறம் தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"தெரியும்னா தெரியும். போய்ப் படி."

அன்றிலிருந்துதான் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. நம் வீட்டுச் சமையலறைக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. அது சாத்தும் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து வாசனை வந்தது. சுட்ட கறி வாசனை. நெருப்பில் கொழுப்பு சொட்டுகிற மாதிரி, நாக்கில் எச்சில் ஊறுகிற வாசனை. தட்டினேன்.

"என்னம்மா பண்ற?"

"கத்திரிக்காய் குழம்பு."

"கத்திரிக்காய் இப்படியா வாசனை வரும்?"

"வேற எப்படி வரும்? உன்னைக் கேட்டுட்டு வரணுமா? போ, கொத்தமல்லி வாங்கிட்டு வா."

கொத்தமல்லி ஏற்கெனவே மேசைமேல் இருந்தது அக்கா. ஒரு கட்டு, ஈரம்கூடக் காயாமல். என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறாள் என்று புரிந்துவிட்டது. வாங்கி வந்து பார்த்தால் கதவு விரியத் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, அடுப்பில் கத்திரிக்காயும் கொண்டைக்கடலையும் போட்ட குழம்பு சாதுவாகக் கொதிக்கிறது. கரண்டியை விட்டு அடிவரை துழாவினேன். ஒன்றும் இல்லை. வாசனை மட்டும் இருந்தது.

வாரம் முழுக்க இதே கதை. குழம்பு கொதிக்கும், கதவு சாத்தும், எனக்கு ஏதாவது ஒரு வேலை வரும். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒளிந்திருந்தது. அடியில் ஏதோ உருகிக் காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். அதே வாசனை.

பிறகு அந்தப் போன். மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளித்துக்கொண்டிருப்பதாக நினைத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கறிக்கடைக்குப் போயிட்டுத்தான் வர்றேன்டா. சின்னச் சின்னத் துண்டா பொறுக்கிக் குடுத்தான். இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிட்டு வருவா. அவ வாய் உனக்குத் தெரியாதா?"

கறிக்கடை. சின்னத் துண்டு. சைவப் போட்டி. உன் மாமியாராகப் போகிறவர். நீயே சொல், வேறு என்னதான் நினைப்பது? உனக்கு அப்போதே போன் செய்ய எடுத்தேன். எடுத்து வைத்துவிட்டேன். "அம்மாவைப் போய் இப்படிச் சொல்றியே" என்று நீ கேட்டால் காட்ட என்னிடம் என்ன இருந்தது? ஒரு வாசனையும் ஒரு கிண்ணமும்தான் இருந்தன.

இன்று காலை போட்டிக்குப் போனோம். மைதானத்தில் வரிசையாகச் சாமியானா, ஒவ்வொரு அணிக்கும் கமிட்டி கொடுத்த ஒரு கேஸ் அடுப்பு, ஒரு மடக்கு மேசை. நுழைகிற இடத்தில் ஒரு பலகை: உள்ளே கொண்டுவரக் கூடாதவை. இறைச்சி, மீன், முட்டை என்று ஆரம்பித்தது. அத்தோடு என் கண் நின்றுவிட்டது. கீழே இன்னும் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. படித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மைக்கைப் பிடித்திருந்தது நம் எலக்ட்ரீஷியன் அண்ணன். அவர் வாய் சும்மா இருக்குமா? "அடுத்தது நம்ம நல்லி அக்கா அணி! எலும்பைப் பிரிஞ்ச துக்கத்துல இருக்காங்க, எல்லாரும் ஒரு தடவை ஆறுதல் சொல்லுங்க!" எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா கரண்டியை அவர் பக்கம் ஓங்கிக் காட்டினாள். ஆனால் அவள் கண் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

உன் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியாக, நிமிர்ந்த முதுகோடு. தோள்பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில், சொந்த டப்பா, சொந்த ஸ்பூன். அம்மாவைக் கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆனால் இரண்டு சிரிப்பும் பல்லோடு நின்றுவிட்டன.

"உக்காருங்க. கொஞ்ச நேரத்துல ஆயிடும். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"பார்க்கலாங்க."

"பார்க்கறதுக்கா சமைக்கிறோம்?" என்றாள் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் உன் மாமியார் பையை மடியில் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவருக்கு நாற்காலி எடுக்கச் சாமியானாவுக்குப் பின்னால் போனேன். துணிக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மாமாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கறியை உள்ள வெச்சு மூடிட்டேன்" என்றாள் அம்மா.

"அக்கா, யாராவது பார்த்தா போட்டியில இருந்தே தூக்கிடுவாங்க. வாசல்ல பலகையே வெச்சிருக்கான்."

"யாரு பார்க்கப்போறா? பரிமாறுறதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். ருசி இறங்கினா போதும். அந்தம்மா மட்டும் ஒரு வாய் வெக்கட்டும், அப்புறம் பாரு."

மாமா கிக்கிக்கென்று சிரித்தார்.

என் காது அடைத்துப்போயிற்று அக்கா. நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டேன். உன் முகம்தான் கண்முன் வந்தது. அவர் சாப்பிட்ட பிறகு, "எப்படி இருந்துச்சு? அதுல என்ன இருந்துச்சு தெரியுமா?" என்று அம்மா மைக்கிலேயே கேட்டுவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். அப்படிக் கேட்டால் நீ அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? கண்ணாடிதான் அம்மா முகத்தில் விழிப்பாரா?

நான் நேராக உன் மாமியாரிடம் போனேன். குனிந்து அவர் காதில் சொன்னேன். "சாப்பிடாதீங்க. அதுல கறி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியாத மாதிரி பார்த்தார். பிறகு என் முகத்தையே, கண்ணிலிருந்து வாய்வரை, படிக்கிற மாதிரி பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கேட் பக்கம் போகிறார், நல்லவேளை, காரணம் சொல்லாமல் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் போனது நம் அடுப்புக்கு.

"மூடியைத் திறங்க."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் ஆகலைங்க. கொஞ்ச நேரம்."

"பரவாயில்ல, திறங்க."

"நீங்க போய் உக்காருங்க, நான் கொண்டு வர்றேன்."

"நான் இப்பவே பார்க்கணும்."

அம்மா மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திருடி மாதிரி நின்றாள். சந்தேகம் சரிதான் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகிவிட்டது. பக்கத்துச் சாமியானாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் மைக்கை வாயிலிருந்து எடுத்தார். உன் மாமியார் தோள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அம்மாவின் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, மூடியைத் தூக்கினார்.

குபுக்கென்று புகை வந்தது. நீல நிறமாக, சுருள் சுருளாக. புகை விலகினால், குழம்பின் நடுவில் அந்த எவர்சில்வர் கிண்ணம் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கொஞ்சம் நெய். நெய்க்குள் கறுப்பாக, ஓரத்தில் இன்னும் சிவந்து கனன்றுகொண்டு, ஒரு துண்டு.

அடுப்புக்கரி.

கரி, அக்கா. சின்ன ர. வாயில் சொன்னால் இரண்டும் ஒன்றுதானே! தமிழ் டீச்சரைத் தவிர வேறு யார் அந்தச் சின்ன 'ர'வையும் பெரிய 'ற'வையும் பிரித்துச் சொல்கிறார்கள்?

உன் மாமியார் கிண்ணத்தைப் பார்த்தார். "ஓ, கரியா" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அதற்குள் கமிட்டித் தலைவர், நம் பல் டாக்டர், புகையைப் பார்த்து ஓடி வந்துவிட்டார். பலகையில் கடைசி வரி அதுதானாம்: விறகு, அடுப்புக்கரி கூடாது, புல் பற்றிக்கொள்ளும். அம்மா, கேஸ் தீயிலேயே இடுக்கியில் பிடித்துக் கனலவைத்தேன், தரையில் ஒரு பொறி விழவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். "விதின்னா எல்லாருக்கும்தாங்க" என்று அவர் நம் மேசைமேல் இருந்த எண் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். தையல்காரர் மட்டும், "என்ன நல்லி அக்கா, கரி வேலை காட்டிட்டீங்களே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள். உன் மாமியார் டப்பாவை நீட்டி, "எனக்கு இதுல கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்று அம்மா நினைத்தாள். பேசாமல் ரெண்டு கரண்டி ஊற்றி, மூடியை ஓங்கி அழுத்திக் கொடுத்தாள். அவர் கும்பிட்டார். அம்மா பாத்திரம் எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே பெரிய குப்பைத்தொட்டி இருக்கிறதே, அதில் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன். அவர் நிஜமாகவே தொட்டிக்கு அருகில் நின்றார். டப்பாவைத் திறந்தார். நான் மரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். டப்பாவை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். மூடினார். நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்பூனை எடுத்தார்.

சாப்பிட்டார் அக்கா. வெறும் குழம்பை, சோறுகூட இல்லாமல். முதலில் ஸ்பூனால். பிறகு ஸ்பூனைப் பையில் போட்டுவிட்டு விரலால் வழித்து. பெஞ்சுக்குப் பின்னால் நான் போய் நின்றது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

"எதுக்குப் பின்னாடியே வர்ற?" என்றார், திரும்பாமலே. "தொட்டியில கொட்டுறேனான்னு பார்க்கவா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் சிரித்தார். "உக்காரு. எங்க வீட்டுல வெண்டைக்காயைத்தான் கறின்னு சொல்லுவோம். நீ காதுல வந்து 'அதுல கறி இருக்கு'ன்னதும், இருந்துட்டுப் போகட்டுமே, அதுக்கு எதுக்கு இந்தப் பொண்ணு அழுகுதுன்னு பார்த்தேன். அப்புறம்தான் நீ எந்தக் கறியைச் சொல்றன்னு விளங்குச்சு."

"அப்புறம் ஏன் போகாம அங்க வந்தீங்க?"

"நீ சொன்னதை நம்பியிருந்தா பேசாம பஸ் ஏறியிருப்பேனே. நம்பல. அதான் திறந்து பார்த்தேன்." விரலைச் சப்பிக்கொண்டார். "வந்ததுலேர்ந்து உங்க அம்மா கரண்டியைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஒரு பானைக்குப் போட்டதை இன்னொண்ணுக்குப் போடல. எனக்குன்னு எடுத்து வெச்ச தட்டை மூணாவது தடவையா கழுவினாங்க. அப்படிப்பட்டவங்க அதைச் செய்வாங்களா? நீ என்ன, கூடவே இருந்துட்டு இதைப் பார்க்கலையா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா போட்டி போயிடுச்சே. அது என்னாலதான். அவங்க கண்ணு கலங்கிடுச்சு." டப்பாவை மூடிப் பையில் வைத்தார். "சரி, பஸ் வருது. இதைக் கேட்டுக்கோ. நான் வெளியில கை நனைக்க மாட்டேன்னு எங்க வீட்டுல எனக்கு ஒரு பேரு இருக்கு. அதை வெச்சுத்தான் நான் எத்தனையோ மட்டமான கல்யாணச் சாப்பாட்டுலேர்ந்து தப்பிச்சிருக்கேன். நீ இங்க ஒண்ணும் பார்க்கல. நான் அங்க ஒண்ணும் கேக்கல. சரியா?"

"சரி."

"அந்தக் கரி எந்தக் கடையில வாங்கினாங்கன்னு மட்டும் கேட்டு வை." ஏறிப் போய்விட்டார்.

நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் அம்மா மாமாவிடம் கத்திக்கொண்டிருக்கிறாள்.

"மூடியைப் புடுங்கிப் பார்த்தாளேடா! நாம கறி திங்கிறவங்கன்னா அவ தட்டுல அதைப் போட்டுடுவோம்னு நினைப்பா? ஒரு வாரமா அந்தம்மாவுக்காக உயிரைக் குடுத்து ருசி தேடினேன். சபையில என்னைத் திருடியாக்கிட்டுப் போயிட்டா. அந்த வீட்டுல என் பொண்ணு எதைச் சமைச்சாலும் மூடியைத் திறந்துதான் பார்ப்பா. வேண்டாம். காலைல போன் பண்ணிச் சொல்லிடறேன், இது வேண்டாம்னு."

இதுதான் அக்கா. சந்தேகப்பட்டது அவர் இல்லை, நான். தன்னை நம்பினதால் மூடியைத் திறந்தவரை அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள். அவரும் என் பேரைச் சொல்லாமல் பழியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டேன். அடிப்பாள் என்று பயம் இல்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை. அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வைதான் பயம்.

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

இரு. வருகிறேன்.

*

வந்துவிட்டேன். அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

அம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகிலேயே நின்று சொன்னேன்.

"அம்மா, அந்தம்மா உன்னைச் சந்தேகப்படல. நான்தான் போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அதுல கறி இருக்குன்னு."

"ஆமா, கரிதானே இருந்துச்சு? அதை எதுக்குடி போய்ச் சொன்ன?"

"இல்லம்மா. அந்தக் கறி."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நானா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"நான் சமைக்கிறவடி. தொட மாட்டேன்னு சொல்றவங்க தட்டுல அதைப் போடுவேனா? அந்தத் தையல்காரன் நினைக்கட்டும், டாக்டர் நினைக்கட்டும். நீ எப்படிடி நினைச்ச?"

எல்லாவற்றையும் சொன்னேன். சாத்தின கதவு, கொத்தமல்லி, கறிக்கடை, துணிக்கு அந்தப் பக்கம் கேட்டது. "எலும்பு இல்லாம அந்தக் குழம்புக்கு ஒரு கனமே வரலடி, புகை காட்டினாத்தான் வந்துச்சு" என்றாள், என்னிடம் இல்லை, கிண்ணத்திடம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போ. என் மூஞ்சியில முழிக்காத."

அப்போது உன் மாமியாரிடம் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் அக்கா. வேறு வழி இல்லை. "அம்மா, அவங்க நான் சொன்னதை நம்பாததாலதான் திறந்து பார்த்தாங்க. நம்பியிருந்தா போயிருப்பாங்க. பஸ் ஸ்டாப்புல உக்காந்து எல்லாத்தையும் சாப்பிட்டாங்க. டப்பாவை விரலால வழிச்சு."

முதுகு அசையவில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"உப்பு?"

"உப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல. எந்தக் கடைன்னு கேட்டாங்க."

"எந்தக் கடை?"

"கரிக்கடை."

"இதாவது ஒழுங்கா காதுல விழுந்துதே" என்றாள். இன்னும் திரும்பவில்லை. "காலைல நான் யாருக்கும் போன் பண்ணல. உங்க அக்காகிட்ட நீயே பேசிக்கோ. விளக்கை அணைச்சுட்டுப் போ."

அணைத்துவிட்டு வந்தேன். அவள் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு எப்போது பேசுவாள் என்று தெரியவில்லை.

அக்கா, நாளைக்கு உன் மாமியார் உன்னைப் போனில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள். பஸ் ஸ்டாப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது.